வயர் என் கையில், என்ஜின் ஓடுகிறது

பேய், ஆவி இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. விழுப்புரத்தில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். கரண்ட் வந்தால் ஓடும், வராவிட்டால் ஓடாது, நடுவில் ஆவிக்கு என்ன வேலை என்று கேட்கிற ஆள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் சூசை ஒரு பழைய வேனை வாங்கி, தன் கையாலேயே உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக்கினார். அவரும் ஸ்டெல்லா அண்ணியும் அதில் போகாத மாதா கோயில் திருவிழா இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, அண்ணி அவருக்குச் சீனி இல்லாத டீதான் கொடுப்பார். அதில் கடைசி வாயை முன் டயரில் ஊற்றிவிட்டுத்தான் அண்ணன் சாவியைத் திருப்புவார். "ஓடுறது அவன், குடிக்கிறது நாம மட்டுமா?" என்பார். "ஜெபமாலைக்கு வராத மனுஷன், டயருக்குப் படையல் போடுது பாரு" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

அண்ணன் கண்ணை மூடிய பிறகு வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. திண்டிவனத்தில் அண்ணி வீட்டு வாசலில் அடம்பிடிக்கிற வண்டி, என்னைப் பார்த்தால் சமர்த்தாகிவிடும். கோளாறு கண்ணில் பட்டால்தானே பிடிக்க முடியும்? இருந்தாலும் பேட்டரியை மாற்றினேன், என்ஜினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கோத்தேன். ஒன்றும் வேலைக்காகவில்லை.

கடைசியில் வண்டியை விற்பதென்று அண்ணி முடிவு செய்துவிட்டார். "நடுரோட்டுல தனியா எத்தினி தபா நிக்கிறது அந்தோணி? நாளைக்கு வாங்கறவங்க வர்றாங்க. அதுக்குள்ள பனமலை ஏரிக்கு ஒரு தபா போய்ட்டு வந்துடலாம், அவருக்குப் புடிச்ச எடம்" என்றார். அண்ணன் கைபட்ட வண்டி. இன்றைக்குள் கோளாறைப் பிடித்தால் விற்க விடாமல் தடுத்துவிடலாம் என்று நானும் கூடப் போனேன்.

ஏரிக்கரையில் அண்ணி டீ போட்டார். வெயில் சாயும் நேரம். கிளம்பலாமென்று சாவியைத் திருப்பினேன், 'டக்'. முதல் முறையாக என் கண்முன்னால். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன், எங்கும் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை. முனைகளில்தான் ஏதோ அழுக்கு என்று பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றி, தரையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி தன் கிளாஸோடு முன் டயர் பக்கம் வந்து நின்றார். "விக்கிறேன்னுதான கோச்சிக்கினு நிக்கிற" என்று வண்டியிடம் கேட்டார். "இந்தா, குடி" என்று அரை கிளாஸ் டீயை டயரில் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்ஜின் ஸ்டார்ட் ஆனது.

வயர் இரண்டும் என் கையில். சாவி என் சட்டைப்பையில். சமதரை, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி ஏறு அந்தோணி, இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்" என்றார். போகிற வழியிலேயே வாங்கவிருந்தவருக்கு போன் போட்டு, "மன்னிச்சிக்குங்க, வண்டி குடுக்கறதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு வண்டி ஒரு நாளும் அடம்பிடித்ததில்லை. அண்ணி தவறாமல் டீ ஊற்றுகிறார். டயர் நனைந்து, மண்ணில் வழிந்து, கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்துவிடுகிறது.

பேட்டரி இல்லாமல் ஓடியதற்கு என்றைக்காவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு வயரை மாட்டிவிட்டு எழுந்து அந்த டயரைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பரும் காய்ந்திருந்தது, கீழே மண்ணும் காய்ந்திருந்தது. இதை இன்னும் அண்ணியிடம் சொல்லவில்லை. அது அவருடைய கிளாஸ், சீனி போட்ட டீ. தெரிந்தால், அண்ணனுக்குச் சர்க்கரை ஏறியிருக்குமே என்று பதறிப்போவார்.