பச்சை வயர்

எனக்குக் கரண்டு என்றால் பயம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போனவன் நான். கரிசக்காட்டில் இடி இடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு ஐப்பசியில் உடைமரத்தடியில் நின்ற ஆடுகள் என் கண் முன்னால் விழுந்தன. நான் தள்ளிப் பள்ளத்தில் குத்தவைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒன்றின் மேலும் காயம் இல்லை. தூங்குகிற மாதிரி கிடந்தன. வெட்டுப்பட்ட ஆட்டைப் பார்த்திருக்கிறேன், நாய் கடித்த ஆட்டைப் பார்த்திருக்கிறேன். காயமே இல்லாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அதனால் வீட்டில் சுவிட்சு போடுவது, பிளக்கு சொருகுவது எல்லாம் என் வீட்டுக்காரிதான். நான் தொடுவதில்லை. அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் ஊர் பசுவந்தனை போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. போன மாசிக் கடைசியில் என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருசம் கழித்துத் தங்கின பிள்ளை. இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவது. வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசமாட்டோம்.

மருமகன் காரிலிருந்து அவளுடைய துணிப்பையோடு ஒரு கம்ப்யூட்டரையும் இறக்கினார். மடக்குகிற மாதிரி இல்லை. டிவி மாதிரி ஒன்று, கீழே வைக்க ஒரு இரும்புப் பெட்டி. மகள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி பில்லுகளைச் சரிபார்த்து ஏற்றுகிற வேலை. எட்டாம் மாதம் முடிகிறவரை லீவு இல்லை. இன்டர்நெட் லைன் விட்டுப் போனால் மேலே இருக்கிறவர் உடனே போன் போடுவார்.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் கிணற்றுமேட்டில் நின்றால்தான் வரும். ஆகவே வீட்டுக்கு லைன் இழுக்க ஆள் வந்தது. மெயின் ரோட்டுக் கம்பத்திலிருந்து மக்காச்சோளக் காட்டுக்கு மேலே, வேப்பமரக் கிளைவழியாக ஒரு கறுப்பு வயரைக் கொண்டுவந்து சுவரில் ஓட்டை போட்டு உள்ளே விட்டான். மரத்தைத் தொட்டு வருகிற வயர். இடி விழுந்தால் நேரே என் மகள் மடியில்தான் இறங்கும் என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

அவன் ஒரு துண்டு வயரை உரித்துக் காட்டினான். உள்ளே முடி மாதிரி ஒன்று இருந்தது. “அண்ணாச்சி, இது கண்ணாடி. வெளிச்சம்தான் வரும், கரண்டு வராது. பயப்படாதீய” என்றான். இடி இடித்தால் கரண்டு பிளக்கை மட்டும் பிடுங்கிப் போடச் சொன்னான். வயரை மடக்கிக் கட்டினால் ஒடிந்துவிடும், வட்டமாகச் சுருட்டி வைக்கணும் என்றான். லைன் பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் அடித்துவிட்டுப் போனான். நல்ல பையன். அந்தப் பெட்டி எரிகிறவரை வீட்டுக்குள்ளும் போன் பேச முடிந்தது.

கண்ணாடி என்றபிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் மேகம் கறுத்தால் நான் காட்டிலிருந்து கிணற்றுமேட்டுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டு, பிளக்கைப் பிடுங்கச் சொல்வேன். நான் பயந்ததெல்லாம் மேலேயிருந்து வருகிறதுக்குத்தான்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள். “யப்பா, கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா சுருக்குங்குது.”

நான் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்து போனேன். பயத்தோடுதான் கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் வைத்தேன். ஒன்றும் இல்லை. எறும்பு கடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரெண்டு நாள் கழித்து அவள் மறுபடியும் சொன்னாள். சில நேரம் இருக்கு, சில நேரம் இல்லை என்றாள். சாயங்காலம்தான் கூட என்றாள்.

டீக்கடையில் கேட்டேன். ஒருவர் பிளக்கில் இருக்கிற பெரிய காலை வெட்டிவிடச் சொன்னார். ஒருவர் பெட்டிக்கு அடியில் பலகை போடச் சொன்னார். ஒருவர், கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

என் வீட்டுக்காரியின் தம்பி மைக்செட் வைத்திருக்கிறான். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழல் ஸ்பீக்கர் கட்டுவான், வீட்டுக்கு வயரிங்கும் பார்ப்பான். அவனை வரச் சொன்னோம். வந்ததும் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் வைத்தான். உள்ளே இருக்கிற சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது. நான் தொட்டால் ஒன்றும் தெரியவில்லையே என்றேன். என் காலைப் பார்த்தான்.

“அத்தான், அடியில லாடமா அடிச்சிருக்கீய? கரண்டே உங்களக் கண்டு பயந்து திரும்பிப் போவுது.”

ஆடு மேய்த்து மேய்த்து என் பாதம் மாட்டுக் குளம்பு மாதிரி காய்ந்துபோய் இருக்கும். மகளுடைய கால் அப்படி இல்லை. வெறுங்காலை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து, தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியில் கோளாறு இல்லை, வீட்டு எர்த்தில்தான் கோளாறு என்றான். ஒவ்வொரு பிளக்கிலும் பெரிய காலுக்கு ஒரு பச்சை வயர் வருகிறது. எல்லாப் பச்சை வயரும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே போய் மண்ணுக்குள் இறங்குகிறது. எங்காவது கரண்டு கசிந்தால் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். ஆளைப் பிடிக்காது. இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். எர்த் கம்பியை அவன் ரெண்டு விரலால் ஆட்டினான். ஆடியது. வீடு கட்டினது மழைக்காலம். அப்போது கரிசல் களி மாதிரி கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. இப்போது வெயிலில் மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. கம்பியைச் சுற்றிக் கை நுழைகிற வெடிப்பு. கம்பி மண்ணைத் தொடவே இல்லை. பச்சை வயருக்குப் போக்கிடம் இல்லை.

புதுக்குழி தோண்டணும், கரியும் உப்பும் போடணும், கோவில்பட்டி போய்க் குழாய் வாங்கணும் என்றான். அன்றைக்கு அவனுக்குக் கடம்பூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டில் மைக் கட்டவேண்டியிருந்தது. அதுவரைக்கு என்று சொல்லி, பச்சை வயரை நீட்டி, ஆட்டுத் தொழுவில் இருக்கிற இரும்புக் குழாயில் சுற்றிக் கட்டினான். பஞ்சாயத்துத் தண்ணீர் வருகிற குழாய். இந்த இரும்பு மண்ணுக்குள்ளேயே டாங்கு வரை போகுது, இதைவிட நல்ல எர்த் கிடையாது என்றான். திரும்ப டெஸ்டர் வைத்தான். விளக்கு எரியவில்லை.

“ஏலே, நல்லாப் பாருல. புள்ளத்தாச்சி உக்காருத இடம்” என்றாள் என் வீட்டுக்காரி.

நல்லாத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போனான்.

அன்று சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தேன். பகல் முழுக்க உளுந்து அறுத்த காட்டில் மேய்ந்த ஆடுகள். தாகத்தோடு தொட்டிக்கு ஓடின. அந்தத் தொட்டி சிமெண்டு. குழாய்க்கு அடியிலேயே இருக்கிறது. சுற்றிலும் எப்போதும் சகதி. முன்னால் போன கிடா தண்ணீரில் வாயை வைத்தது. வைத்த வேகத்தில் துள்ளிப் பின்னால் வந்தது. அடுத்ததும் அப்படியே. மற்றவை சகதிக்கு வெளியே வரிசையாக நின்றுகொண்டன. கத்தவில்லை. தாகத்தில் இருக்கிற ஆடு கத்தாமல் நிற்பதை நான் பார்த்ததில்லை.

பாம்பு என்று நினைத்தேன். வெடிப்பில் கிடக்கிற பாம்பு சாயங்காலம் ஈரத்துக்கு வரும். டயர்ச் செருப்பு போட்டிருந்தேன். கம்பால் தொட்டியைச் சுற்றித் தட்டினேன், கல்லைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. அதற்குள் ஒரு குட்டி, தாய்க்கு முந்தி, குழாய்ப் பக்கம் ஓடிவிட்டது. அப்படியே சாய்ந்தது. நாலு காலும் விறைத்து நீட்டிக்கொண்டன.

அந்தக் கால்களைப் பார்த்ததும் எனக்கு உடைமரத்தடி ஞாபகம் வந்தது.

உள்ளே என் வீட்டுக்காரி கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். மாவைத் தள்ளிவிட நிறுத்தினாள். சத்தம் நின்றது. குட்டி காலை உதறி எழுந்து நின்றது. ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து தண்ணீரில் வாய் வைத்தன. குடித்தன. மறுபடி கிரைண்டர் சத்தம் கேட்டது. அத்தனையும் ஒரே நேரத்தில் துள்ளி வெளியே பாய்ந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. கிரைண்டரில் கசிகிற கரண்டு பச்சை வயர் வழியாகக் குழாய்க்கும் சகதிக்கும் வருகிறது. புரிந்தும் நான் அசையவில்லை.

அந்த நேரம் மகள் பின்வாசலில் வந்தாள். கழுநீர் வாளி கையில். ஆட்டுக்கு ஊற்ற வருகிறாள். வெறுங்கால். வாளியை ஊற்றிவிட்டு அந்தக் குழாயில் கழுவுவாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள்.

அவள் படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். சகதிக்கு நாலைந்து எட்டுத்தான் இருக்கும். கத்தினேன்.

“ஏட்டி, நில்லு. அங்கனயே நில்லு.”

நின்றுவிட்டாள். நான் அவளிடம் அப்படிப் பேசினதே இல்லை. முகம் சுருங்கியது. கையைக் காட்டிக்கொண்டே சுற்றிவந்து, அவளைத் தாண்டி உள்ளே ஓடி, மீட்டர்ப் பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். நான் தொட்ட முதல் சுவிட்சு அதுதான் என்று என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

விசயத்தைச் சொன்னேன். அவள் கிரைண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாக மாவு தள்ளும்போது கை மதமதவென்று இருந்தது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன் என்றாள். எப்போதும் சாக்கு மேல் நின்று ஆட்டுவாள். அதனால்தான் அவள் இருக்கிறாள்.

லைன் போனதை மகள் மேலதிகாரியிடம் சொல்லவேண்டியிருந்தது. கரண்டை நிறுத்தியதால் வீட்டுக்குள் போன் எடுக்கவில்லை. கிணற்றுமேட்டுக்குப் போய் நின்று பேசிவிட்டு வந்தாள். திட்டியிருப்பார். கம்ப்யூட்டரை மூட்டை கட்டி அனுப்பிவிடலாம், வேலையே வேண்டாம் என்றேன்.

“யப்பா, இதை விட்டா எனக்கு வேற கிடைக்காது. புள்ளய வச்சிக்கிட்டு வெளிய போயி வேலை பாக்க முடியுமா, சொல்லுங்க” என்றாள்.

ஒருநாள் பொறு என்றேன்.

மறுநாள் காலையிலேயே மைக்செட்காரன் வந்தான். மெயினைப் போட்டு, கிரைண்டரைப் போட்டு, செருப்புக்காலோடு குழாயில் டெஸ்டரை வைத்தான். விளக்கு சிவப்பாக, நன்றாகப் பளிச்சென்று எரிந்தது. முந்தின நாள் அவன் பார்த்தபோது கிரைண்டர் ஓடவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குழாயடியில் கடப்பாரை போட்டுத் தோண்டினான். ரெண்டு முழம்தான் இரும்பு. அதற்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் குழாய். எப்போது மாற்றினார்களோ தெரியாது. மண்ணுக்குப் போகவேண்டிய கரண்டு தொட்டியிலும் சகதியிலும் தேங்கி நின்றிருக்கிறது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“அத்தான், நாந்தான கட்டுனேன்.”

“குழி எங்கன தோண்டணும், சொல்லு” என்றேன்.

வீட்டிலிருந்து தள்ளி, ஆள் நடக்காத மூலையில் தோண்டினோம். இடுப்பளவு போனதும் வெடிப்பு நின்றது, குளிர்ந்த மண் வந்தது. அதற்குக் கீழே ஒரு ஆள் உயரம் போய் இரும்புக் குழாயை இறக்கினோம். பச்சை வயரைத் தண்ணீர்க் குழாயிலிருந்து அவிழ்த்து இதில் முடுக்கினான். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு நிரப்பினோம். மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்தோம். கரிசலில் வெயில் காலம் முழுக்க அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கணும், ஊற்றாவிட்டால் பழைய கதைதான் என்றான். மீட்டர்ப் பக்கத்தில் ஒரு சுவிட்சும் மாட்டினான். கரண்டு கசிந்தால் அது தானாகவே விழுந்துவிடும். கம்ப்யூட்டர் வாங்குகிற வீட்டில் முதலில் இதைத்தான் மாட்டணும் என்றான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவன் அக்காள் கேட்டாள். அவன் கிரைண்டரை வண்டியில் ஏற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனான்.

எங்கள் பக்கத்தில் இப்போது நிறைய வீட்டில் பிள்ளைகள் இப்படி வேலை பார்க்கிறார்கள். யார் என்னிடம் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வேன். லைன்காரன் போனபிறகு ஒரு வயரிங்காரனைக் கூப்பிட்டுக் கோடையில் எர்த்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். பெரிய காலை வெட்டாதீர்கள். எதையும் தண்ணீர்க் குழாயில் கட்டாதீர்கள்.

குழி தோண்டின மறுநாள் மகள் வேலைக்கு உட்கார வந்தாள். நான் ஆட்டை அவிழ்க்காமல் நின்றேன். டெஸ்டரை வாங்கி வைத்திருந்தேன். பெட்டியில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. கம்ப்யூட்டர் டிவிக்குப் பின்னால் வைத்தேன். எரியவில்லை. குழாய்க்குப் போய் வைத்தேன். எரியவில்லை. டெஸ்டரே கெட்டுப்போயிருக்குமோ என்று பயம் வந்தது. பிளக்கு ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது.

உட்காரு என்றேன். உட்கார்ந்தாள். பெட்டியில் பொத்தானை அமுக்க விரலை நீட்டினாள். நான் மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு அவள் விரலையே பார்த்தேன். அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. படம் வந்தது. அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே சொன்னாள்.

“போங்கப்பா. ஆடு கத்துது.”

கத்திக்கொண்டுதான் இருந்தன. சுவிட்சிலிருந்து கையை எடுக்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.