நாலு கோர், ஒரு மீட்டர்

பேசுகிற ஆள் இருமினால் 'இருமல்' என்று போட வேண்டும். பேச்சை நிறுத்தி அழுதால் 'மௌனம்' என்று போட வேண்டும், அழுகை என்று போடக்கூடாது. அது கம்பனிச் சட்டம். "அழுறது நம்ம கணக்குல வராது தம்பி" என்று மதுஷா அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர் செய்த வேலை அதுதான். கொழும்பில் இருக்கும் ஒரு கம்பனி ஒலிப்பதிவுகளை அனுப்பும். கூட்டங்கள், விசாரணைகள், யாரோ யாரையோ கண்ட பேட்டிகள். காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டு, தமிழில் தட்டி அனுப்புவார். யாழ்ப்பாணத்துக்காரர் வேகமாகப் பேசினாலும், மட்டக்களப்புக்காரர் இழுத்துப் பேசினாலும் ஒரு சொல் தவறாது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர், ஆனால் எந்த ஊர்க்காரர் பேசுகிறார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றும் ஓர் ஒற்றை அறை வீடு. அவருடைய காம்பராவும் எங்களுடையதும் ஒட்டினாற்போல. நான் பசறையில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். வேலை இல்லாத நாட்களில் வீட்டில் இருந்தால், சனமெல்லாம் மலைக்குப் போன பிறகு லயத்தில் கேட்கிற ஒரே சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய விரல்கள்தான். தகரத்தில் விழும் சின்ன மழை மாதிரி. நாலு மணிக்கு அது நின்றுவிடும். கம்பியூட்டரை மூடிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பார். அவருடைய அம்மா ரெங்கம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற நேரம்.

ரெங்கம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வயதும் ஆகிவிட்டது. மாசக் கடைசியோடு தோட்டத்து ஆள்பதிவில், செக்ரோலில், அவர் பேரை வெட்டப்போகிறார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வருமானம் என்றால் மதுஷா அக்காவின் கம்பியூட்டர்ப் பெட்டி, இல்லாவிட்டால் அம்மாவின் கூடை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போகிற வருகிற போதெல்லாம் கேட்பார்:

"என்னம்மா, அம்மா பேரை வெட்டுற கையோட ஒம் பேரைப் போட்டுறவா?"

"என் கை கீபோட்டுக்குப் பழகிருச்சுங்க. கொழுந்து என்னைப் பார்த்து சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். பறிக்கத்தானே போற."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று ரெங்கம்மா என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அந்த நேரத்தில்தான் கம்பனியிலிருந்து மெயில் வந்தது. இனிமேல் வேலை புது முறையில், நேரலையாக. கூட்டம் நடக்க நடக்கத் தட்ட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரப் பரீட்சை. பரீட்சைக்கு முன்னால் அவர்களுடைய மென்பொருள் கம்பியூட்டரைச் சோதிக்கும். நாலு கோருக்குக் குறைந்த புரொசஸர் என்றால் அங்கேயே கதவு மூடிவிடும். அக்காவின் பெட்டியில் இருந்தது பழைய டூவல் கோர்.

சனிக்கிழமை பதுளைக்குப் போனோம். பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷுக்ரி நானாவின் கடை. பழைய கம்பியூட்டர்களைப் பிரித்து விற்பார். பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, இரண்டு சாமான்களை மேசையில் வைத்தார்.

"இதப் பாருங்க தங்கச்சி. இது குவாட் கோர். நாலு கோர் இரிக்கி, ஆனா கிழடு. ஒங்கட போர்ட்லயே உக்காரும். இது வேற போர்டோட வாற டூவல் கோர். ரெண்டுதான், ஆனா புதுசு. ஒங்கட வேலைக்கு இதுதான் ஓடும், சூடாகாது, கரண்டும் கொஞ்சமாத்தான் குடிக்கும். நான் விக்கிறவன் சொல்றேன், இத எடுங்க."

"ரெண்டு எப்படி நானா நாலை விட வேகமா ஓடும்?" என்று அக்கா கேட்டார்.

"நீங்க தோட்டத்து ஆள்தானே. ரெண்டு கொமரிப் புள்ளைகள் ஒரு மலையில பறிக்கிறாங்க. அடுத்த மலையில நாலு கெழவிகள். பின்னேரம் தராசுல யாருக்குக் கூட?"

அக்கா இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். கையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் போதும்.

"தராசு பின்னேரம்தானே நானா. காலையில பெரட்டுல வரிசையா நிக்க வெச்சு தலையத்தான் எண்ணுவாங்க. ரெண்டு தலை நின்னா ரெண்டுன்னுதான் எழுதுவாங்க."

கம்பனிக்கு ஃபோன் போட்டோம். ஒரு பெண் பணிவாகச் சொன்னார்: "மினிமம் குவாட் கோர், மிஸ்." வேகமான டூவல் கோர் என்றால் என்று அக்கா கேட்டதற்கும் அதே பணிவோடு அதே பதில்.

இரண்டு சாமான்களும் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று ஷுக்ரி நானா ஒரு துண்டில் எழுதியிருந்தார். நாலு கோர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பார்த்தபோது எங்கள் வாசல் இஸ்தோப்பில் தொங்கும் பல்ப் ஞாபகம் வந்தது, பின்னேரங்களில் அது நெருப்புக்குச்சி மாதிரி சிவந்து மங்குவது. சொல்லலாமா என்று யோசித்தேன். அக்கா ஏற்கனவே தலையாட்டிவிட்டார். நான் சொல்லவில்லை.

குவாட் கோர் கடையில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் ஓடியது. திங்கட்கிழமை பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்த்தார். அந்த வாரமும் அடுத்த வாரமும் எனக்கு லீவு. "தங்கமா ஓடுது தம்பி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். பகல் பதினொரு மணிக்கு எங்களைத் தவிர லயத்தில் யாரும் இல்லை. பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே மீட்டரிலிருந்து இழுத்த கம்பி அன்றைக்கு அவர் ஒருவருக்காக மட்டும் காத்துக்கிடந்தது.

பரீட்சை செவ்வாய்க்கிழமை நாலரைக்கு.

சோதனையில் நாலு கோருக்கும் பச்சை அடையாளம் விழுந்தது. பத்து நிமிடம் தட்டினார். அந்த நேரம் லயத்துச் சனம் இடுப்பில் கட்டிய நனைந்த சாக்குப் படங்கோடு வந்து சேர்ந்தது. முதல் காம்பராவில் கரண்டுக் கேத்தல், மூன்றாவதில் ரைஸ் குக்கர், ஏழாவதில் இரண்டும். பல்ப் சிவந்தது. திரை ஒரு கணம் சிமிட்டிவிட்டு அணைந்தது. பெட்டிக்குள் காற்றாடி சுற்றி ஓய்கிற சத்தம் எனக்கே கேட்டது.

ஆறு வருஷமாக அதே காம்பராவில் வேலை செய்தவருக்குப் பின்னேரக் கரண்ட் பெட்டிக்குப் போதாது என்று தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் அவர் எப்போதும் பெட்டியை மூடிவிட்டு விறகடுப்புக்கு முன்னால் இருந்தார்.

ஷுக்ரி நானா ஃபோனில் சொன்னார்: "கரண்ட் கொறஞ்சா அந்தப் பழைய பவர் சப்ளை நாலு கோரைத் தாங்காது தங்கச்சி. யூபிஎஸ் வெச்சாலும் பத்து நிமிஷம்தான்." கம்பனி இன்னொரு தடவை தந்தது. வியாழக்கிழமை, அதே நேரம்.

புதன்கிழமை பின்னேரம் அக்கா ஒவ்வொரு வாசலாகப் போனார். கூச்சப்படுகிற ஆள். பின்னால் நானும் போனேன். கடைசிக் காம்பரா கணபதி மாமா வெற்றிலையை அதக்கிக்கொண்டு கேட்டார்:

"என்னடி இது, ஒம் பொட்டி குடிக்கிறதுக்கு நாங்க தேத்தண்ணி குடிக்காம கெடக்கணுமா?"

"நாலரையிலிருந்து ஒரு மணி நேரம் மாமா. அடுப்புல வெச்சுக்குங்க."

"விறகு நனைஞ்சு கெடக்கு."

"எங்க விறகு இருக்கு, தாரேன்."

"ஒரு நாள்தானே?"

"ஒரே ஒரு நாள்தான் மாமா. சத்தியமா."

"சரி போ. கெழவியத்தான் சமாளிக்கணும், கேத்தலைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குது." உள்ளேயிருந்து மாமி ஏதோ எறிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்.

வியாழக்கிழமை லயம் முழுக்கப் புகை. நனைந்த விறகு கண்ணைக் கரித்தது. பிள்ளைகளைச் சத்தம் போடவேண்டாம் என்று அதட்டுகிற சத்தம்தான் பெரிதாக இருந்தது. ரெங்கம்மா வாசற்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே ஓடுகிற விரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்ப் மங்கவில்லை. ஒரு மணி நேரமும் அந்தச் சின்ன மழை விடவில்லை.

ஐந்தரைக்கு அக்கா ஹெட்போனைக் கழற்றினார். "பாஸ்" என்று சத்தமில்லாமல் வாயசைத்தார். வாசலில் நின்ற கணபதி மாமா அதைப் பார்த்து, "பாஸாம்! எல்லாரும் கேத்தலைப் போடுங்கடி!" என்று லயம் கேட்கக் கத்தினார். பன்னிரண்டு காம்பராவிலும் போட்டார்கள். திரையில் வந்த வேலைக் கடிதத்தை அக்கா பாதி வாசித்திருந்தபோது திரை அணைந்தது.

மீதியை ஃபோனில் எனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார். திங்கட்கிழமை முதல் வேலை. தினமும் பின்னேரம் நாலு மணி முதல் எட்டு மணி வரை. முதல் வாரத்தில் மூன்று தடவை இணைப்பு அறுந்தால் பெயர் நீக்கப்படும்.

தேத்தண்ணி வந்தது. ஆளுக்கொரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக் குடித்தார். வேலை நேரத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கம்பனிக்குப் பேசினார். "பகல் நேரம் எல்லாம் நிரம்பிவிட்டது, மிஸ்" என்றார்கள். பெட்டியைப் பசறையில் எங்கள் அச்சகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னேன். எட்டு மணிக்கு முடித்தால் திரும்பிவர பஸ் இல்லை, அம்மாவுக்கு எழுந்து நடக்க முடியாது. அதுவும் போனது. புரொசஸரை அந்தப் புது டூவல் கோராக மாற்றித் தரமுடியுமா என்று ஷுக்ரி நானாவிடம் கேட்டார். "தாறேன் தங்கச்சி, ஒங்களுக்காக. அது அந்தக் கரண்டுல தாங்கும். ஆனா அவங்க எண்ணினா ரெண்டுதானே."

"மறுபடி எல்லார்கிட்டயும் கேளுங்க அக்கா" என்றேன். அவரிடம் நான் வற்புறுத்திச் சொன்னது அது ஒன்றுதான்.

"தினமும் நாலு மணி நேரமா? மலையிலயிருந்து நனைஞ்சு வாற சனம் தம்பி. ஒரு நாள்தான்னு சத்தியம் பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு ஒரு தடவை, ஐந்தேகாலுக்கு இன்னொரு தடவை இணைப்பு அறுந்தது. செவ்வாய்க்கிழமை ரெங்கம்மா நொண்டி நொண்டி மறுபக்கத்துக் காம்பராக்காரியிடம் போய், கேத்தலைப் போடவேண்டாம் என்று கெஞ்சுவதைப் பார்த்து அக்கா எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார். "வேணாம்மா, வா." அவர் திரும்பி உட்காருவதற்குள் பல்ப் சிவந்தது, மூன்றாவது தடவையாக இணைப்பு அறுந்தது. ஐந்து மணி கூட ஆகவில்லை.

மாசக் கடைசி கழிந்த காலை நான் வேலைக்கு இறங்கும் வழியில் பெரட்டுக் களத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பனி இன்னும் போகவில்லை. பெண்கள் வரிசையின் கடைசியில் அக்கா நின்றார். ரெங்கம்மாவின் கூடை, ரெங்கம்மாவின் படங்கு. அது அவருக்கு நீளமாக இருந்தது, கணுக்கால்வரை. கணக்கப்பிள்ளை பேனாவால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அக்காவிடம் வந்ததும் வேடிக்கை எதுவும் பேசவில்லை. பேரைக் கேட்டார். தெரிந்த பேர்தான். அக்கா சொன்னார். எழுதிக்கொண்டார்.

வரிசை மலைக்கு நகர்ந்தபோது என்னைக் கண்டுவிட்டார். நான் நின்றேன்.

"பெட்டி சும்மாதானே கெடக்கு தம்பி" என்றார். "லீவு நாள்ல நீ ஏதாச்சும் எழுதிப் பாரு. பகல்ல கரண்டு நல்லா இருக்கும்."

கங்காணி கத்தினார். அவர் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, முன்னால் போகிறவர்களை எட்டிப்பிடிக்க ஓடினார்.