சல்லடை செய்த கரீம் பாய்

சவுதியிலிருந்து கரீம் பாயின் மகன் நிசார் கூப்பிட்டபோது நான் ஆலை அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “சார், வாப்பா மவுத்தாயிட்டாங்க. காலையில பட்டறைக்குக் கிளம்புறப்ப நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்கதான். நான் வர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிருவாங்க. நீங்க கொஞ்சம் போய் நில்லுங்க சார்” என்றான். கரீம் பாயின் பட்டறைக்கும் எங்கள் அரிசி ஆலைக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்தான். இந்தப் பக்கத்துச் சாவு கடலைத் தாண்டிப் போய்விட்டு எனக்குத் திரும்பி வந்தது.

நம் சங்க இதழைப் படிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஆலைக் கணக்குப்பிள்ளைகளுக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதிராம்பட்டினத்துக்காரர். பதினாறு வருடம் சவுதியில் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, சேர்த்த பணத்தோடு பூதலூருக்கு வந்து, அரிசி ஆலைகளுக்குச் சல்லடைத் தகடு செய்ய உட்கார்ந்தவர். “அங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் சார் மனுசன். மத்த ஆறு நாளும் மெஷின்” என்பார். தன் மகன் அந்த ஊருக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அவர் பட்டறை போட்டார். இதை அவர் மறைத்ததே இல்லை, டீக்கடையில்கூடச் சொல்வார்.

ஒரு குறுவை அறுவடையின்போது எங்கள் ஆலையில் முழு அரிசியோடு குருணை கலந்து வந்தது. முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கரீம் பாய் வந்து இயந்திரத்துக்கு அடியில் படுத்து, சல்லடையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு எங்கோ வாங்கிய மலிவுத் தகடு அது. பட்டறைக்குப் போய்ப் புதிதாகத் தகடு வெட்டி, வரிசை வரிசையாகத் துளை போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பிசிறு இருக்கிறதா என்று வெறும் விரலால் தடவுவார். விரல் நுனியெல்லாம் கீறல். கையுறை போடக் கூடாதா என்றேன். “கையுறைக்குப் பிசிறு தெரியாது சார்” என்றார்.

சரக்கு கொடுப்பதில் இருந்த கறார் பணம் கேட்பதில் இல்லை. அதுதான் அவருடைய கோளாறு. எட்டு மாதப் பாக்கி நிற்கும், வந்து, டீ குடித்துவிட்டு, “வரும்ல சார்?” என்பார். வரும் என்று நான் சொன்னால் கிளம்பிவிடுவார். எப்போது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை அவர் கேட்காதது எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு அந்த வருமான வரி விதி வந்தது. உங்களில் பலர் அதை நம்பி ஏமாந்திருப்பீர்கள். சிறுதொழில் என்று பதிவு செய்த உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தம் இருந்தாலும் நாற்பத்தைந்து நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். தவறினால் அந்தப் பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். எந்த ஆண்டு கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்கிறவர்களுக்கு மட்டும்தான்.

பிப்ரவரியில் கரீம் பாய் ஒரு செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். முதல்முறையாக, “மார்ச்சுக்குள்ள வந்துரும்ல சார்?” என்று ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். பெரிய துளையிடும் இயந்திரம் வாங்கப்போவதாகச் சொன்னார். பாக்கி வந்தால் பாதி, வங்கிக் கடன் மீதி. “அது வந்துட்டா நிசாருக்கு இங்கயே வேலை இருக்கும். ஏஜென்ட்டுக்கிட்ட பாஸ்போர்ட்டக் குடுத்து வச்சிருக்கான். திருப்பி வாங்கிருவேன்.” அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

முதலாளிக்கு ஆடிட்டர் வேறு வழி சொல்லியிருந்தார். “பாய்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க. அவரு தயாரிக்கல, வாங்கி விக்கிறாருன்னு. பதிவுலயும் மாத்தச் சொல்லுங்க. செஞ்சா பாதிப் பணம் உடனே. இல்லன்னா அடுத்த சீசனுக்கு நாம வேற ஆள் பாத்துக்கலாம்” என்றார் முதலாளி.

கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். பட்டறைக்கு எடுத்துப் போனதும் நான்தான். ‘மேற்படி ஆலைக்கு நான் கொடுக்கும் சல்லடைகள் என்னால் தயாரிக்கப்பட்டவை அல்ல.’ கரீம் பாய் அதை இரண்டு முறை படித்தார். காலடியில் முழுக்கத் தகட்டுச் சுருள்.

“நான் செய்யலன்னு எழுதணுமா சார்?”

“ஃபைலுக்குத்தான் பாய். யாரு வந்து பாக்கப்போறா?”

“நீங்க பாத்திருக்கீங்களே” என்றார்.

நான் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். பதிவை மாற்ற அவருடைய கைபேசிக்கு வந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் அழுத்தினேன். உற்பத்தி என்று இருந்த இடத்தில் வியாபாரம் என்று வந்தது.

பாதிப் பணம் என்று சொன்னது கால்வாசியாக வந்தது. மீதிக்கு இனி யாருக்கும் அவசரமில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் வியாபாரி. வங்கியிலும் பதிவுச் சான்றைப் பார்த்துவிட்டு, வாங்கி விற்கிறவருக்குத் துளையிடும் இயந்திரம் எதற்கு என்று கேட்டுக் கடனை மறுத்துவிட்டார்கள். ரமலான் முடிந்த இரண்டாவது வாரம் நிசார் விமானம் ஏறினான். அதன் பிறகும் கரீம் பாய் ஆலைக்கு வருவார், டீ குடிப்பார். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

மாரடைப்புக்கு நான் காரணம் என்று சொல்லிப் பெரிய மனிதனாகப் பார்க்கவில்லை. ஆனால் அடக்கம் நடந்த மையவாடியில் அவருடைய மகன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்ததற்கு நான் காரணம். நிசார் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்; அவன் மாமா கைபேசியைக் குழிப் பக்கம் பிடித்திருந்தார். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்து, “சார், எனக்குப் பதிலா நீங்க போடுங்க” என்றான். போட்டேன். அவன் அதற்கு நன்றி வேறு சொன்னான்.

மறுநாள் ஆலை வாசலில் வைக்க அஞ்சலிப் பலகைக்கு வாசகம் எழுதினேன். ‘சல்லடை தயாரிப்பாளர்’ என்ற இடத்தில் முதலாளி விரலை வைத்தார். “வியாபாரின்னு மாத்துங்க. வரிக் கணக்கு இன்னும் முடியல. யாராவது போட்டோ எடுத்தா நமக்குத்தான் வம்பு.” மாற்றிக் கொடுத்தேன். பலகை இப்போதும் அங்கேதான் இருக்கிறது. போகிற வருகிறவர்கள் படிக்கிறார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: நான் பார்த்தது. முதலாளி இந்த இதழைப் படிப்பார் என்று தெரியும். எங்கள் ஆலையில் இன்று ஓடும் சல்லடைகள் அத்தனையையும் அப்துல் கரீம்தான் தன் கையால் செய்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.