ஏரிக்கரையில் ஒரு ஜோடி செருப்பு

என் மாமனார் காலமான பிறகு அவருடைய வேட்டி, சட்டை, குடை, டார்ச் லைட் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு ஜோடி தோல் செருப்பு மட்டும் வாசல் அலமாரியில் இருக்கிறது. வாங்கி வருடக்கணக்காகிவிட்டது, அடியில் போட்டிருக்கும் அளவு எண்கூட இன்னும் தேயவில்லை. பார்க்கிறவர்கள், "புதுசாட்டம் இருக்கே, யாருக்காவது கொடுத்துடலாமே" என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அந்தச் செருப்பால் ஒருநாள் என் பாதி உயிர் போய்த் திரும்பியிருக்கிறது.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பிறந்தவள். ஆற்றங்கரைக்காரிதான், ஆனால் படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் பெரிய ஏரி. அதற்கு அக்கரையில் எங்கள் வயல். ரோட்டு வழியாகப் போனால் ஊரையே சுற்ற வேண்டும் என்பதால் மாமா ஒரு சின்ன மரப்படகு வைத்திருந்தார். விதைநெல், உர மூட்டை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அதில்தான் போகும். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார், கணவர் சிங்கப்பூரில். வீட்டில் நானும் மாமாவும்தான். அந்த மனிதர் வெறுங்காலோடு வெயிலில் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல், தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீடு போய்த் திரும்பும்போது தஞ்சாவூரில் கடை கடையாக ஏறி இறங்கி இந்தச் செருப்பை வாங்கி வந்தேன். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் மாட்டிக்கொண்டு சிரித்தபடியேதான் படியிறங்கினார். எனக்கு ஏகப் பெருமை.

அறுவடை முடிந்த பங்குனியில் என் கணவர் போனில் மாமாவிடம் ஒரு பேச்சை எடுத்தார். வயலை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு மனை வாங்கிப் போடலாம் என்றார். மாமா சண்டை போட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "யோசிக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தவர், அதற்குப் பிறகு சரியாகப் பேசவே இல்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வீட்டு ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறவள் நான். தினமும் அவர் திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கூப்பிட்டால் போன் கூடத்தில் சார்ஜரில் மாட்டியபடி அடித்தது. வெயில் தாழ்ந்தும் ஆளைக் காணாமல் ஏரிக்கு ஓடினேன். தார் பூசக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு அங்கே இல்லை. அக்கரையிலும் படகு இல்லை, ஆளும் இல்லை. செருப்பு மட்டும் தண்ணீரோரமாக ஜோடியாகக் கிடந்தது.

ஏரியில் மீன் பிடிக்கும் அண்ணன் தம்பி இருவரும் அப்போதுதான் பைபர் படகைக் கரை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தார்கள். தம்பி கழியை விட்டுத் துழாவ, கழுத்தளவு ஆழத்தில் 'டொக்'கென்று ஏதோ இடித்தது. "படகு இங்கதான் முழுகிக் கெடக்குது" என்றார். அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து போன்.

"அப்பா எங்க? போனை எடுக்கவே இல்லையே?"

"ஏரிக்குப் போயிருக்காங்க" என்றேன். பொய் இல்லை. அவர் மேலே எதுவும் கேட்பதற்குள் போனை அணைத்துவிட்டேன்.

முங்கிப் பார்த்துவிட்டு எழுந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியிடம்தான் மெதுவாகச் சொன்னார்: "உள்ளார ஏதோ மெத்துனு தட்டுப்படுதுடா."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு சாமி பேர்கூட எனக்கு வாயில் வரவில்லை. காலையில் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டவரிடம், சர்க்கரை ஏறிவிடும் என்று மறுத்தது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. படகின் மூக்கில் கயிறு கட்டி இழுத்தார்கள். நானும் எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்தேன். இழுக்கவும் வேண்டும், அது வெளியே வந்துவிடவும் கூடாது. அப்படி ஒரு இழுப்பு.

படகு மேலே வந்து சாய்ந்தது, தண்ணீர் வடிந்தது. உள்ளே யூரியா சாக்குகள். மண்ணைப் போட்டு, வாயைத் தைத்து, வரிசையாக அடுக்கியிருந்தது. அண்ணன் ஒரு சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அட, ஊறப்போட்டிருக்காருங்க தங்கச்சி! வெயில்ல கெடந்து பலகை இடுக்கு விட்டிருக்கும். பாரத்தை வச்சு அமுக்கிட்டா மரம் ஊறி இடுக்கெல்லாம் தானா அடைச்சுக்கும். எங்கப்பா காலத்துல நாங்களும் செய்வோம். இந்த பைபர் வந்தப்புறம் மறந்தே போச்சு."

"அப்ப ஆள் எங்கண்ணே?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. வயலே போகப்போகிறது, இனிப் படகு எதற்கு என்று மாமா தன் கையாலேயே அமிழ்த்திவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு... என் புத்தி எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மறுபடியும் இறங்கிக் காலால் துழாவத் தொடங்கினார்கள்.

அப்போது கரை மேல் ஒரு பைக் சத்தம். அடுத்த தெருக்காரர் ஓட்ட, பின்னால் மடியில் போர்செட் மோட்டாரை வைத்துக்கொண்டு மாமா. உள்கம்பி கருகிப்போன தன் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றக் கிளம்பிய அந்தத் தெருக்காரர், கரையில் மாமாவைப் பார்த்துத் துணைக்குத் தஞ்சாவூருக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வண்டியிலிருந்து இறங்கியதும் மாமா போட்டார் ஒரு சத்தம்: "யாருடா என் படகைத் தூக்கினது? நாலு நாளாவது ஊற வேணாமா?"

"செருப்பை ஏன் மாமா விட்டுட்டுப் போனீங்க?" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் போல் முகம் சுருங்கிவிட்டது.

"கடிக்குதும்மா. தினம் இதுவரைக்கும் போட்டுக்கிட்டு வந்து இங்க விட்டுட்டுப் போவேன். திரும்புறப்ப மாட்டிக்குவேன். நீ ஆசையா வாங்கியாந்தே, எப்படிச் சொல்றது?"

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வயலை நினைத்து ஏதோ செய்துகொண்டீர்களோ என்று பயந்துவிட்டேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "விக்கப்போறவன் எதுக்கும்மா படகை ஊறப்போடுறான்?" என்றார். அந்தக் கேள்வியை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை. மாமாவும் பழையபடி வெறுங்காலோடு அலைய ஆரம்பித்தார். நானும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது வயலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பங்குனியில், "படகை ஊறப்போட்டுடலாமா தங்கச்சி?" என்று அந்த அண்ணன் வந்து கேட்டார். கிளம்பும்போது என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்து மாமாவின் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். எனக்குப் பெரிது. அப்படியும் தெருமுனை தாண்டுவதற்குள் கட்டைவிரல் இடுக்கில் கடிக்க ஆரம்பித்துவிட்டது. கழற்றவில்லை. ஏரிவரை அப்படியே போனேன். படகை அமுக்கிவிட்டு, ஈரக்காலிலேயே மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கழற்றிப் பார்த்தால் தோல் உரிந்திருந்தது. அடப் பாவி மனுஷா, இதைப் போட்டுக்கொண்டா தினமும் சிரித்தபடி படியிறங்கினீர்கள்!