சுவரில் செருகிய மீட்டர்

"வளர்மதி போயிட்டாங்க" என்று அவர் கணவர் இளங்கோ போனில் சொன்னபோது, "எங்கே?" என்று கேட்டேன். முந்தின நாள் மாலை வரை மாயவரத்தில், எங்கள் மாடி அறையில், என் எதிரே உட்கார்ந்திருந்தவர். எனக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்?

புதிதாக வரும் கம்ப்யூட்டர் பிராசசர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று எங்கள் வீடியோ சேனலில் சோதித்துக் காட்டுவோம். நான் மீட்டரைப் பார்த்துச் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். வீடியோவில் அவர் குரல் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலிலும் அந்த அறையில் ஏசி கிடையாது. ஒருமுறை சோதிக்கப் பிராசசர் அனுப்பிய கம்பெனிக்காரர் போன் செய்து, ஏசியில் வைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். "வாங்குறவங்க வீட்டுக்கு ஏசியும் சேர்த்துக் குடுப்பீங்களா சார்?" என்று சிரிக்காமல் கேட்டார் வளர்மதி. அதன் பிறகு அந்தக் கம்பெனி எங்களுக்குப் பிராசசர் அனுப்பவில்லை. புதிய பிராசசர்களை நாங்களே வாங்கினோம்.

பிராசசர் தன்னைப் பற்றித் தானே திரையில் காட்டும் வாட் கணக்கையும் அவர் நம்பமாட்டார். சுவர் பிளக்கில், தான் வாங்கிய தனி மீட்டரைச் செருகியாக வேண்டும். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். "எங்க தாத்தா அறுத்த நெல்லுக்குப் பண்ணை வீட்டு மரக்கால்லதான் கூலி அளப்பாங்க, அதுல அளவு குறையும். பொது மரக்கால் வேணும்னு கேட்டதுக்கு அவரை அடிச்சாங்க. குடுக்கிறவங்க மரக்கால்ல நான் அளக்கமாட்டேங்க" என்றார்.

பிராசசர் அளவு மீறிச் சூடானால் பாய்ந்து போய் சுவிட்சை அணைக்கிறவர் அவர். கடைசி நாளன்று, "லேசா உடம்பு சுடுதுங்க. டெஸ்ட்டை முடிச்சிட்டு டாக்டர்கிட்ட போறேன்" என்றார். விடிவதற்குள் நினைவு தப்பி, ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வெறும் காய்ச்சல். அவர் மீது கோபம் கோபமாக வருகிறது.

காரியம் முடிந்ததும் அவருடைய மீட்டரைக் கொடுக்கப் போனேன். இளங்கோ வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க. பாதியில நிக்கிறதை முடிச்சுடுங்க" என்றார்.

நேற்று உச்சிவெயிலில், ஏசி இல்லாமல், அந்தச் சோதனையை முடித்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மீட்டரும் அந்தப் பிடிவாதமும்தான். மீட்டர் காட்டிய எண்ணைப் படித்துவிட்டு, "எழுதிக்கங்க வளர்மதி" என்றேன்.