பெற்ற தாய் என்று நினைத்த மாமி

“…பெத்த தாய்தானே அடிக்கிறா, அதுக்கு நீங்க என்னத்துக்கு மச்சான் முகத்தைச் சுழிக்கிறீங்க?”

கேட்டவர் என் மச்சாள், மனைவியின் அக்கா. பின்னேரம் மூன்று மணி. அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் தமிழில் பேசும் ஒரு கொரிய நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. முத்துமாலை போட்ட ஓர் அம்மா, வெள்ளைச் சட்டை போட்ட இளம்பெண்ணின் கன்னத்தில் அறைந்துவிட்டு, தன் கைதான் நொந்துபோனது மாதிரி அதைத் தடவிக்கொண்டு நின்றார். வளர்ந்த பிள்ளையை இப்படி அடிப்பதா என்று நான் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

எனக்கும் அவர் பெற்ற தாய் என்றுதான் எண்ணம். முதல் நான்கு பகுதிகளை நாங்கள் பார்க்கவில்லை. ஐந்தாவதில்தான் போய் உட்கார்ந்தோம். அந்தப் பெண் கலியாணம் முடித்தவள், புருஷனோடு ஒரு பெரிய வீட்டில் இருக்கிறாள், அங்கே வயதான ஓர் அம்மாவும் இருக்கிறார். எங்கள் ஊர்க் கணக்கில் இதற்கு ஒரே அர்த்தம்தான். வீடு பெண்ணுடையது. அம்மா பெண்ணின் அம்மா. வந்து ஒட்டிக்கொண்டவன் மாப்பிள்ளை.

கல்லடியில் எங்கள் வளவும் அப்படித்தான். ஒரே வேலிக்குள் இரண்டு வீடுகள், ஒன்று மச்சாளுடையது, மற்றது என் மனைவியுடையது. மூன்றாவது வீட்டை மச்சாள் குவைத்தில் எட்டு வருஷம் மற்றவர்களின் பாத்திரம் கழுவி, தன் ஒரே மகளுக்கென்று கட்டினார். நிலத்துக்கு மாபிள் பதித்து, கதவுக்கு வர்ணம் பூசி, வீட்டைப் பூட்டி, திறப்பைத் தன் வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார். இனி மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டியதுதான் பாக்கி. நானும் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னர் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு சூட்கேசும் சைக்கிளுமாக வந்து ஏறியவன்தான். அப்போது வாசல் படலையில் மீன் விற்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “முகத்துவாரத்தால வாவிக்குள்ள வந்த திரளி மீன், கடல் எந்தப் பக்கமெண்டு கேக்கப்படாது தம்பி.” அதை இன்றைக்கும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்களின் வாயில் வருவதை எழுதி வைப்பது எனக்கு ஒரு வருத்தம், மருந்து கிடையாது.

கொரிய நாடகத்தைப் பற்றியும் அந்தக் கொப்பியில் கொஞ்சம் இருக்கிறது. அவர்கள் துக்கம் வந்தால் நூடில்ஸ் சாப்பிடுகிறார்கள், சந்தோஷம் வந்தாலும் அதையே சாப்பிடுகிறார்கள். மழை பெய்தால் யாராவது ஒருவன் குடையோடு கட்டாயம் வருவான். குடித்து வெறித்தவளை முதுகில் சுமந்துகொண்டு ஏற்றத்தில் ஏறுவான். தாய்க்கும் மகளுக்கும் முகத்தில் ஒரே வயது. எல்லாம் பதினாறு பகுதிக்குள் முடிந்துவிடும். அது பெரிய நன்மை. ஆனால் ஒருவருக்கும் தாய்வழிக் குடி கிடையாது, எந்தக் குடி என்று கேட்காமலேயே கலியாணம் பேசுகிறார்கள். “பேந்து எப்பிடிக் கோயில்ல குடிக்கொரு நாள் திருவிழாச் செய்வாங்க?” என்று மச்சாள் நிஜமாகவே கவலைப்பட்டார்.

பன்னிரண்டாம் பகுதி வரைக்கும் மச்சாள் முத்துமாலை அம்மாவின் பக்கம். அந்தப் பெண் எதிர்த்துப் பேசும்போதெல்லாம், “வாயப் பாருங்க, பெத்தவளுக்கு முன்னால” என்று திட்டினார். கிண்ணத்துத் தண்ணீரை முகத்தில் ஊற்றியபோதுகூட, “அவ என்ன பாடுபட்டு வளத்தாவோ” என்றார்.

பன்னிரண்டில் மச்சாளின் மகள் வந்து பின்னால் நின்றாள். கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்த புதிது.

“என்னம்மா சொல்லுறீங்க? அது அவட மாமி. மாப்பிள்ளைட அம்மா.”

“மாமியா? மாமி இந்தப் பொட்டைட வீட்டில என்ன செய்யிறா?”

“அது மாமிட வீடும்மா. பொட்டைதான் போய் இரிக்கா.”

மச்சாள் தொலைக்காட்சியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஐந்தாம் பகுதியிலிருந்து திரும்பப் போடச் சொன்னார். அதே அறை, அதே தண்ணீர். இந்த முறை ஒவ்வொன்றும் அவர் முகத்தில் பட்டதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். “ஊரான் வீட்டுப் பிள்ளையக் கொண்டுபோய் வச்சா இப்பிடி…” என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நாங்களும் சொல்கிறோம். ஆனால் உடைப்பதற்கு மருமகள் அந்த வீட்டில் இருக்க வேண்டுமே! இத்தனை வருஷமும் யாருடைய பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று எனக்கு அன்றைக்குக் குழம்பியது.

மகள் எவ்வளவு பொல்லாத நேரத்தில் வாயைத் திறந்தாள் என்பது மறுகிழமைதான் தெரிந்தது. கூடப் படித்த ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, பதுளை மலைப்பக்கம். அவனுக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை. தகப்பன் இல்லை, தாய் தனி. அவர்களுடைய முறையில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது. அவள் போகச் சம்மதம். அம்மா ஓமென்று சொல்லாமல் போகமாட்டாள், அவ்வளவுதான்.

மச்சாள் சுவரில் தொங்கிய திறப்பைப் பார்த்தார். “அப்ப இந்த வீட்ட ஆருக்குக் கட்டின நான், பிள்ளை? வௌவாலுக்கா?”

“அம்மா, எல்லா மாமியும் அடிக்கிறல்ல.”

“பதினாறு பகுதியும் அடிச்சாவே!”

“கடைசியில திருந்தினாதானே.”

“எப்ப? ஆஸ்பத்திரியில கிடந்துதான். உன்ட மாமிக்கு வருத்தம் வருமட்டும் நீ கன்னத்தக் காட்டிட்டு நிக்கப் போறியா?”

“சித்தப்பா, நீங்க சொல்லுங்க” என்றாள் பிள்ளை.

நாடகம் வேறு, உலகம் வேறு என்று தொடங்கினேன். தொடங்கியதும் எனக்கே ஐமிச்சம் வந்தது. அந்தப் பெண் சூட்கேசோடு அந்தப் பெரிய வாசலில் நின்ற காட்சியில் நான் அழுதிருந்தேன். எனக்காக யாரும் அப்படி அழவில்லையே என்றும் நினைத்திருந்தேன். நானும் ஒருவகையில் மருமகள்தான். முதல் வருஷம் முழுக்க, மீன் துண்டில் பெரியதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாலையே தின்றவன். இதைச் சொல்லலாமா, சொன்னால் யாருடைய பக்கம் சேரும் என்று யோசித்துவிட்டு, “தேத்தண்ணி இரிக்கா மச்சாள்?” என்று கேட்டேன். பிள்ளை எழும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பையனின் தாய் மகனோடு பஸ்ஸில் வந்தார். முத்துமாலையோடு ஒருவர் இறங்குவார் என்று மச்சாள் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்க வேண்டும். குவைத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கோப்பைகளை வெளியே எடுத்து வைத்திருந்தார். வந்தவர் சின்ன உருவம். செருப்பைப் படிக்கு வெளியே கழற்றி, ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் தேயிலையும் நீட்டிவிட்டு, இருங்க என்று இரண்டு தரம் சொன்ன பிறகே கதிரை விளிம்பில் உட்கார்ந்தார். பையனை என் மனைவி வாவிக்கரை காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

தொலைக்காட்சியைச் சத்தம் குறைத்தார்களே தவிர நிறுத்தவில்லை. அதே நாடகம்தான் திரும்ப ஓடியது; அந்த முத்துமாலை அம்மா, நீளமான மேசையில் தனியே இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

“இத நானும் பாத்தேங்க,” என்றார் வந்த அம்மா. “பாவம்ங்க அந்தம்மா.”

மச்சாளின் கண் உருண்டது. “ஆரு, அடிக்கிறவவா பாவம்?”

“அடிக்கிறது தப்புதாங்க. ஆனா மகன் அந்தப் புள்ளைய கூட்டிக்கிட்டுத் தனியா போயிட்டா அந்தப் பெரிய வீட்டுல அது யாருகூடங்க பேசும்? அந்தப் பயத்துலதான் அடிக்குது.” பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஒங்க பக்கம் ஆம்பளப் புள்ள போயிருவானாமே. அப்ப அவன பெத்தவளுக்கு யாருங்க?”

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் போனது பெரியகல்லாற்றில் ஒருத்திக்கு எப்படி இருந்தது என்று இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் போய்க் கேட்டதில்லை. அந்த நாடகத்தில் யார் நல்லவர் என்று அதுவரை எனக்கிருந்த கொஞ்சத் தெளிவும் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. இன்னும் திரும்பி வரவில்லை.

சாப்பாட்டில் அந்த அம்மா மீன் வாலை எடுத்தார். மச்சாள் அதைத் தட்டிலிருந்து திருப்பி எடுத்து, நடுத்துண்டை வைத்தார். “தின்னுங்க” என்றார், கோபமாக. ஓமென்றோ இல்லையென்றோ ஒரு சொல் வரவில்லை. பிள்ளை இரண்டு தரம் தண்ணீர் கொண்டுவந்து தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு எல்லோருமாகத் தரிப்பிடத்துக்குப் போனோம். காலியான மரக்கறிப் பையில் மச்சாள் கருவாட்டையும் தயிர்ச் சட்டியையும் வைத்து, அதைத் தானே சுமந்துகொண்டு வந்தார். தாயும் மகனும் ஏறினார்கள். பையை மேலே கொடுக்க வேண்டிய இடத்தில் மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

“எங்கட பக்கம் மாப்பிள்ளை வீட்டார்தானே வந்து வீட்டப் பாக்கிற? நான் போய்ப் பாத்துட்டு வாறன். என்ட பிள்ளை இரிக்கப்போற அறைய என்ட கண்ணால பாக்காம நான் ஓமெண்டு சொல்லமாட்டன்.”

“இரிக்கப்போற” என்று சொன்னதை அவர் கவனித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளை கவனித்துவிட்டாள், என் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

“மாத்துடுப்பு ஒண்டும் இல்லையே மச்சாள்!” என்றேன்.

அதற்குள் அவர் ஏறிவிட்டார். பையனை எழுப்பிப் பின் இருக்கைக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.