அண்ணன் கட்டிய வைக்கோல்

எழுபதுகளின் கடைசியில், வடகரையில் அப்பா விட்டுப்போன வயலை அண்ணனும் நானும் சேர்ந்தே பயிரிட்டோம். பங்குனி அறுப்பு முடிந்ததும் வைக்கோலைப் பங்கு வைப்போம். அண்ணன் கட்டுவார், நான் எண்ணுவேன். ஒரு கட்டு கிழக்கே போகும், அது அவருக்கு. அடுத்தது மேற்கே, எனக்கு. கட்டு விழ விழ நோட்டில் கோடு போடுவேன்.

அந்த வருஷம் ஆளுக்கு இருநூற்று எழுபது கட்டு. என் ஜோடி மாட்டுக்கு நாளைக்கு மூன்று கட்டு. குற்றாலத்தில் சாரல் விழுந்து வரப்பில் புல் தலைகாட்டும்வரை, தொண்ணூறு நாள் தாங்கும் என்று எழுதிவைத்தேன்.

சித்திரையிலேயே மூன்று கட்டு போதவில்லை. நான்கு போட்டேன், பிறகு ஐந்து, ஆறு. வெயிலில் வைக்கோல் சுண்டிவிட்டது என்று நம்பினேன். வைகாசி பாதியில், வைக்கோலை அடுக்கிவைத்த படப்பு இருந்த இடம் வெறும் தரையானது.

அண்ணன் வீட்டுப் படப்பு பாதிகூடக் குறையவில்லை.

"ஏலே, அதுக்குள்ள தீந்துட்டா? மாடு வளக்கியா, யானை வளக்கியா?" என்று சிரித்தார். பத்துக் கட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் கட்டைத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது. வைக்கோலை முறுக்கிக் கட்டிய பிரிக்குள் என் விரல் நுழையவில்லை. முழங்காலை ஊன்றி அழுத்திக் கட்டியது அது. என் கட்டுகளில் கை முழங்கை வரை போகும். அவருடைய ஒரு கட்டில் என்னுடையது இரண்டு அடங்கும். ஒன்றை இறுக்கியும் ஒன்றைத் தளர்த்தியும் என் கண்முன்னால்தான் கட்டியிருக்கிறார். நான் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, எனக்கு மட்டும் தளத்திக் கட்டிருக்கிய."

"கட்டுக்குக் கட்டு சரியாத்தானலே இருந்துச்சு. எண்ணுனது நீதான."

நான் அடுத்த கட்டின் பிரியை விரலால் அழுத்திப் பார்த்தேன்.

"தீனி இல்லாம மாட்ட ஏன் வதைக்க? இங்கன கொண்டாந்து கட்டு. நான் பாத்துக்கிடுதேன். உழவையும் நானே ஓட்டிக்கிடுதேன்."

அவர் மாடுகளுக்கு வயதாகிவிட்டது. இரண்டு வருஷமாக என் ஜோடியைக் கேட்டுக்கொண்டிருந்தார்; நான் கொடுக்கவில்லை. வைக்கோல் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பத்துக் கட்டையும் மறுக்காமல் எடுத்து வந்தேன். மாடுகள் பசியோடு நின்றன. அது தீர்ந்த மறுநாள் காலை ஆய்க்குடிக்காரர் ஒருவருக்கு ஜோடியை விற்றேன். எந்த வழியாக ஓட்டிப் போகட்டும் என்று கேட்டார். அண்ணன் வீட்டு வாசலைக் காட்டி, இப்படியே போங்கள் என்றேன்.